கேரவன் டாய்லெட்டும் ஒரு ரப்பர் வளையமும்

வெளியே கிளம்பும் நாளில் என் அம்மா தண்ணீர் குடிக்க மாட்டாள். டீச்சராக இருந்த காலத்தில் பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பயந்து தொடங்கிய பழக்கம். இப்போது சர்க்கரையும் சேர்ந்துகொண்டதால் பஸ்ஸும் வேண்டாம், ரயிலும் வேண்டாம் என்று வீட்டோடு முடங்கிவிட்டாள். வேளாங்கண்ணிக்கு ஒரு தடவை போக வேண்டும் என்று மட்டும் புலம்புவாள். அதற்காகத்தான், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று, காரின் பின்னால் இழுத்துப் போகிற ஒரு பழைய கேரவனை வாங்கினேன். சினிமா ஷூட்டிங்குக்கு ஓடி ஓய்ந்தது. உள்ளே படுக்கை உண்டு, டாய்லெட் உண்டு.

பெயிண்ட் அடித்து முடித்ததும், சாந்தோமில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி அம்மாவை ஏற்றிக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

“நாத்தம் கொடலப் புடுங்குது. நீ போய்ட்டு வா. எனக்காக ஒரு மெழுகுத்திரி ஏத்து.”

ஆத்திரம் வந்தது. அவள் மேல் அல்ல, அந்த டாய்லெட் மேல்.

தேனாம்பேட்டையிலிருந்து வந்த பிளம்பர் எட்டிப் பார்த்தார். “இன்னாக்கா, இத்தப் போய் நோண்டிக்கினு கீற? பேத்துப் போட்டுட்டு இந்தியன் டாய்லெட் வெச்சிடு.”

குந்தி உட்கார அம்மாவின் முழங்கால் விடாது. அவரை அனுப்பிவிட்டேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

நானே கழற்றினேன். மிதியை அழுத்தினால் கோப்பையின் அடியில் ஒரு மூடி திறக்கும். காலை எடுத்தால் அது மூடிக்கொண்டு மேலே கொஞ்சம் தண்ணீர் தேங்கும். அந்தத் தண்ணீர்தான் கீழே கழிவு சேரும் தொட்டியின் நாற்றத்தைத் தடுக்கிறது. எங்களுடையதில் சொட்டு நிற்கவில்லை. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் காய்ந்த அப்பளமாய் விறைத்து வெடித்திருந்தது. விற்றவனை வாயில் வந்தபடி திட்டினேன். அப்புறம்தான் வாளிக்குப் பக்கத்தில் இருந்த ஆசிட் பாட்டில் கண்ணில் பட்டது. வாங்கிய நாள் முதல் ஞாயிறு தவறாமல் அதை ஊற்றிப் பளபளவென்று தேய்த்தவள் நான்தான். பெரிய சுத்தக்காரி!

கிண்டியில் ரப்பர் ஷீட் வெட்டித் தரும் கடைக்குப் பழைய வளையத்தோடு போனேன். முதலில் வெட்டியது மெல்லிசு, ஒழுகியது. இரண்டாவது தடிமன், மூடி மூடவே இல்லை.

“மறுபடியுமா?” என்றார் கடைக்காரர்.

மறுபடியும்தான். மூன்றாவதைப் பொருத்தி, தண்ணீர் விட்டு, அதன் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. அழுகை வந்துவிட்டது. டாய்லெட்டைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகு நேரம் கழித்து வெளியே வந்தவள் நேராகப் போய்த் தன் பையை எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை பைகளை ஏற்றியாயிற்று. வாசல் வரை வந்த அம்மா சமையலறைக்குத் திரும்பிப் போனாள். மாத்திரையை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, அண்ணாந்து, முழுவதையும் குடித்துவிட்டு வந்து காரில் ஏறினாள்.