மும்தாஜ் வீட்டுத் தண்ணீர்

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. முஸ்லிம் வீடுகள் என்றாலே எனக்கு உள்ளூரப் பயம். காதில் விழுந்த கதைகள் அப்படி. போன தீபாவளிக்குத் துணி எடுக்க, நாலு வயது மகளுடன் மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். ஒரு புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் நின்ற குழந்தையைக் காணோம்!

"நெத்தியில நாமம் இட்ட பாப்பாவா? பாய் வீட்டம்மா ஒருத்தங்க பின்சந்துக்குக் கூட்டிட்டுப் போனாங்களே" என்றார் கடை வாசலில் இருந்த பூக்காரர். "ரங்கநாதா!" என்று அலறிக்கொண்டு ஓடினேன்.

சந்தில் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து மகள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி.

"என் பிள்ளையை ஏன் கொண்டு வந்தீங்க?" என்று கத்தினேன்.

"வண்டிங்களுக்கு நடுவுல நின்னு அழுதுச்சுங்க அக்கா. எங்க வீட்டுக்காரர் உங்களைத்தான் கடை கடையாத் தேடிட்டிருக்காரு. தண்ணி வேணும்னுச்சு. நாமத்தைப் பார்த்தேன். எங்க வீட்டுத் தண்ணி கொடுத்தா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்."

பெருமாள் நல்லவர் கையில்தான் சேர்த்திருக்கிறார். மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு, "எனக்கும் தொண்டை வறண்டுபோச்சும்மா. உங்க வீட்டுத் தண்ணியே கொடுங்க" என்றேன்.

மும்தாஜ், அதுதான் அவர் பெயர், செம்பை நீட்டிச் சிரித்தார். "நீங்க வந்த வேகத்துக்கு அடிச்சிடுவீங்களோன்னு நானும் பயந்துட்டேங்க!"

இப்போதெல்லாம் கடைத்தெருவில் கூட்டமாக இருந்தால், மகளை மும்தாஜிடம் விட்டுவிட்டுத்தான் நிம்மதியாகத் துணி எடுக்கிறேன்.