கேபிளைப் பிடுங்கிய பிறகும் ‘பாஸ்’

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் தோல் கம்பெனியின் ஸ்ப்ரே மெஷினுக்கு மூன்று கம்ப்யூட்டர்கள். முதலாவது, உள்ளே போகும் தோலின் வடிவத்தைப் படிக்கும். இரண்டாவது, அந்த வடிவத்துக்குள் மட்டும் சாயம் அடிக்கும். மூன்றாவது, வெளியே வரும் தோலை அளக்கும். மூன்றுக்குள்ளும் ஆளுக்கொரு மெமரி போர்டு, மூன்றையும் வளையமாகக் கோக்கும் ஃபைபர் கேபிள். ஒன்றில் எழுதியது ஒளியாகக் கிளம்பும். அடுத்தது ஒரு நகலை வைத்துக்கொண்டு மேலே அனுப்பும். சுற்றி முடித்து எழுதிய இடத்துக்கே அது திரும்பி வரும். யாரும் யாரையும் கேட்பதில்லை, மூன்றுக்கும் ஒரே ஞாபகம்! எட்டு வருஷமாக இதைப் பராமரிக்கிறேன். ஓர் ஆட்டுத்தோலின் கழுத்தும் காலும் முப்பதடி தள்ளியிருக்கும் ஸ்க்ரீனில் அப்படியே எழும்போது இன்னமும் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறேன்.

போன ஆயுத பூஜை லீவு முடிந்து லைன் ஓடத் தொடங்கிய காலை, தோல்கள் சாயமே படாமல் வெளியே வந்தன. இரண்டாவது கம்ப்யூட்டருக்கு வடிவம் போய்ச் சேரவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஃபைபர் சொருகும் வாய்க்குப் பக்கத்தில் மூன்று சந்தனப் பொட்டுகள், நடுவில் குங்குமம்.

மெஷினில் தோல் விரிக்கும் அக்காவின் வேலை அது. நாட்றம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர், கான்ட்ராக்ட் ஆள். முன்பக்கம் சாயம் தெறித்து அழுக்காக இருந்ததால் சுத்தமான இடமாகப் பார்த்துப் பொட்டு வைத்திருக்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “ஒரு தூசி பட்டாலே வெளிச்சம் போவாது, இங்கயா சந்தனம் வெப்பீங்க?” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

மேனேஜர் பாய் வந்தார். “இன்னாம்மா இது? ஒரு பொட்டால மொத்த லைனும் நிக்குது. கேட்ல போய் ஒக்காரு. போர்டு போயிருந்தா நாளைலேர்ந்து வராத.”

அக்கா டிபன் பையை எடுத்துக்கொண்டு போனார்.

நான் ஃபைபர் வாயைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு லூப்பேக் டெஸ்ட் போட்டேன். வளையத்தைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன கேபிளால் போர்டின் அனுப்பும் வாயை அதன் கேட்கும் வாயோடு இணைக்க வேண்டும். தான் சொன்னதைத் தானே சரியாகக் கேட்டால் போர்டு நல்லது. ‘பாஸ்’ என்று வந்தது. வளையத்தை மாட்டினேன், ஓடவில்லை. மறுபடி டெஸ்ட், மறுபடி ‘பாஸ்’. எரிச்சலில் சின்ன கேபிளை வெடுக்கென்று பிடுங்கினேன்.

ஸ்க்ரீனில் அப்போதும் ‘பாஸ்’.

கேபிள் என் கையில் இருக்கிறது. போர்டின் இரண்டு வாயும் காலி. ஆனாலும் அது எதையோ அனுப்பிக்கொண்டே இருக்கிறது, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எனக்குப் புல்லரித்தது. அந்தப் போர்டைப் பொறுத்தவரை உலகத்தில் எந்தக் குறையும் இல்லை. அடுத்த நொடியே புரிந்தது. போர்டு உள்லூப் மோடில் இருக்கிறது. அந்த மோடில் ஒளி வெளியே வராது, உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடும். பூஜையன்று மெஷின் சும்மா நிற்கிறதே என்று மாதாந்திர டெஸ்டுக்காக நான்தான் அந்த மோடில் போட்டேன். பொரி கடலை கொடுக்கிறார்கள் என்று கூப்பிட்டதும் மாற்றாமலே எழுந்து போயிருக்கிறேன்.

மோடை மாற்றி வளையத்தை மாட்டினேன். லைன் ஓடியது.

பாயிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “அட, வுடுங்க மேடம். பேஜார் ஆவாதீங்க. மறதி யாருக்குத்தான் இல்ல? அந்தம்மாவ வரச் சொல்லுங்க.”

அக்கா வாட்ச்மேன் ரூமுக்கு வெளியே, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். “அக்கா, சந்தனத்தால ஒண்ணும் ஆவல. தப்பு என்னுது. நான்தான் மாத்தி வெச்சிட்டு மறந்துட்டேன்” என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பதறி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, அப்ப உங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாரா மேடம்?”

இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.