மோரிஸ் மைனருக்கு நல்லெண்ணெய்

தாம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த அசரியா தப்பே செய்யாதவர். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். இருபது வருஷ சர்வீஸில் ஒரு கோப்பு இடம் மாறியதில்லை, ஒரு தேதி பிசகியதில்லை என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே அறிவித்துவிடுவார். பாவம், அந்தப் பிள்ளைகள் எதையாவது தப்பாக எழுதிவிட்டால் மூச்சுக் காட்டாமல் மறைத்துவைத்து, அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.

சேலையூரில் இருந்த அவர் வீட்டிலும் அதே ராஜாங்கம்தான். உப்பு ஜாடியில் ‘உப்பு’ என்று சீட்டு ஒட்டியிருக்கும். அவர் மனைவி ஹில்டாவுக்குக் கண் தெரியாதோ என்று நினைத்துவிடாதீர்கள். “இது உப்புன்னு எனக்கே தெரியும்ங்க” என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “தெரிஞ்சா நல்லதுதானே? சீட்டும் இருந்தா இன்னும் நல்லது” என்று பதில் வந்தது. அவள் புளி கரைக்கப் போய்விட்டாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் அவரிடம் ஒரு பழைய மோரிஸ் மைனர் இருந்தது. சபையில் கார் வைத்திருந்தவர்கள் மொத்தமே மூன்று பேர். அந்தக் காருக்கு வைத்தியம் எல்லாம் கேம்ப் ரோட்டில் ஷெட் போட்டிருந்த மெக்கானிக் ஜமால்தான். முப்பத்தைந்து வயசு, கைராசிக்காரன். இன்ஜின் ஆயில் மாற்றுவதும் அவனே. அந்த ஐப்பசியில் ஆயில் மாற்றப் போன இடத்தில், ஜமாலின் புனலுக்குள் அசரியா ஒரு மணல் துகளைக் கண்டுபிடித்தார். ஒன்றே ஒன்று. அதற்கு அவர் செய்த பிரசங்கம் கால்மணி நேரம்.

ஜமால் பொறுமையாகக் கேட்டான். பிறகு, “அப்ப நீங்களே மாத்திக்குங்களேன் சார். இன்னா, ஒரு நட்டுதானே?” என்றான்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அசரியாவுக்கு அது சவாலாகக் காதில் விழுந்தது. அன்று மாலைக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது, அசரியா சார் தன் காருக்குத் தானே ஆயில் மாற்றப்போகிறார் என்று. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சபை முழுக்கத் தெரிந்தது. “கையில சுத்தமும் மனசுல ஒழுங்கும் இருந்தா மெக்கானிக்கே வேண்டாம்” என்று போதகரிடமே சொன்னார். இனி இது நட்டைக் கழற்றி மாட்டுகிற வேலையா? இருபது வருஷத்து மானம் அதில் தொங்கியது. வேலை பிசகினால் ஊர் சிரிக்கும், ஜமாலும் சிரிப்பான்.

அந்தக் காலத்தில் இன்ஜின் ஆயிலை பெட்ரோல் பங்க்கில் சில்லறையாக ஊற்றித் தருவார்கள், நாம்தான் டப்பா கொண்டுபோக வேண்டும். அசரியா ஒரு காலி டால்டா டப்பாவைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, நாலு லிட்டர் வாங்கி வந்தார்.

வீட்டில் அதே மாதிரி இன்னொரு டால்டா டப்பா ஏற்கெனவே இருந்தது. அதில் ஹில்டாவின் அண்ணன் நாசரேத்திலிருந்து ரயிலில் சுமந்து வந்த செக்கு நல்லெண்ணெய். வருகிற ஞாயிறு சபையில் அறுப்பின் பண்டிகை. வயல் இருக்கிறவர்கள் நெல்லும் பூசணியும் கொண்டுவருவார்கள். இல்லாதவர்கள் கோழி, முட்டை, பலகாரம் என்று தங்களால் ஆனதைப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஆலய வளாகத்தில் ஏலம் விடுவார்கள். ஹில்டா வீட்டு நல்லெண்ணெய்க்கு வருஷா வருஷம் பெரிய போட்டி. அவளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

இரண்டு டப்பாவும் மாடிப்படிக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அசரியா சும்மா விடுவாரா? ‘கார்’ என்று ஒரு சீட்டும் ‘ஆலயம்’ என்று ஒரு சீட்டும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி ஒட்டினார். ஆனால் டப்பாவின் வயிற்றில் ஒட்டாமல் மூடியின் மேல் ஒட்டினார். சனிக்கிழமை காலை மூடிகளில் தூசி தெரிந்தது. இரண்டையும் ஒன்றாகக் கழற்றினார், ஈரத்துணியால் துடைத்தார், திரும்ப மாட்டினார். மாற்றி மாட்டினார். அவ்வளவுதான் நடந்தது. சீட்டே ஒட்டாமல் இருந்திருந்தால் மனுஷன் முகர்ந்தாவது பார்த்திருப்பார் என்பீர்கள். அதற்கும் வழியில்லை, மூன்று நாளாக ஜலதோஷம், மூக்கு இரண்டும் அடைத்துக் கிடந்தது.

சனிக்கிழமை மத்தியானம் காரின் முன்சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றினார். கோணி விரித்து அடியில் நுழைந்து நட்டைக் கழற்றினார். கறுத்துப்போன பழைய எண்ணெய் இரும்புச் சட்டியில் இறங்கியது, முழங்கை வரையிலும் வழிந்தது. ஒரு மணி நேரம் வடியவிட்டார். நட்டைத் துடைத்து இறுக்கி, ‘கார்’ டப்பாவைத் திறந்து, தானே கழுவிய புனல் வழியாக ஊற்றினார். எண்ணெய் பொன் நிறத்தில் தண்ணீர்போல் ஓடி இறங்கியது.

“சரக்கு எப்படி இருக்கு பாத்தியா ஹில்டா? ஒரு தூசி கிடையாது!”

“கையைக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது” என்றாள் ஹில்டா. அவள் கிட்டே வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கிரீஸ் கறை படும் என்று அவளைக் காருக்குப் பத்தடி தூரத்திலேயே நிறுத்திவைத்திருந்ததும் அவரேதான்.

மறுநாள் இருவரும் உடுத்திக்கொண்டு காரில் ஆலயத்துக்குக் கிளம்பினார்கள். ‘ஆலயம்’ டப்பா பின்சீட்டில், வண்ணத்தாள் சுற்றி, ரிப்பன் கட்டிய மகாராணியாக. கார் நன்றாகவே ஓடியது. பாதி வழியில் ஹில்டா மூக்கை உறிஞ்சினாள்.

“யாரோ தோசை சுடுறாங்க.”

“ஞாயித்துக்கிழமைல்ல, சுடுவாங்க.”

இன்னும் கொஞ்ச தூரம் போனதும், “இங்கேயும் தோசைதாங்க” என்றாள். கிழக்குத் தாம்பரம் வந்தும் வாசனை விடவில்லை. “அது எப்படிங்க, ஒண்ணரை மைலுக்கும் தோசை?” என்று அவள் கேட்க, “எனக்கு ஒண்ணும் வரலையே” என்று மூக்கடைத்த மகானுபாவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் மேஜைமேல் ஏறாத குறையாக நின்று கத்தியவர் சபைச் செயலர் சாலமோன். அவர் தொண்டைக்கு மைக் தேவையில்லை. சேவல் போயிற்று, பூசணி போயிற்று, பாடகர் குழுவின் பியூலா சுட்ட கேக் போயிற்று. பிறகு டால்டா டப்பா வந்தது.

“அசரியா சார் வீட்டு நல்லெண்ணெய்! நாசரேத் செக்கு! பாருங்கையா, பாருங்கம்மா!” என்று சாலமோன் ஒரு கரண்டி மொண்டு உயரத் தூக்கி ஊற்றிக் காட்டினார்.

எண்ணெய் ஓடி விழவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு, யோசித்து யோசித்து, கயிறு மாதிரி கனமாக இறங்கியது. “அடேயப்பா, என்ன கெட்டி!” என்று கூட்டம் வியந்தது.

அசரியா கரண்டியையே பார்த்தார். நேற்று காரில் ஊற்றியது தண்ணீராக ஓடியதே! ஈரத்துணி, இரண்டு மூடிகள், எல்லாம் ஒரு நொடியில் நினைவுக்கு வந்தன. இப்போது என்ன செய்வது? எழுந்து சொல்லலாம். சொன்னால் இருபது வருஷம் போச்சு. நாளைக் காலை கடைசிப் பியூன்வரை சிரிப்பான். சொல்லாமல் இருக்கவும் முடியாது, யாராவது வாங்கிக்கொண்டு போய்ச் சமைத்துவிடுவார்கள். தானே ஏலத்தில் எடுத்துவிட்டால்? காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும்!

“பத்து ரூபா!” என்று கத்தினார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கொடுத்தவரே திருப்பிக் கேட்கிறாரா? பெண்கள் பக்கத்தில் ஞானஜோதி டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஞாயிறு பள்ளி அவள் பொறுப்பு. ஒரு பொருளைப் பிடிக்க வேண்டுமென்றால் விடாக்கண்டி. கொடுக்க மனசில்லாமல் மனுஷன் தவிக்கிறார் என்றால் இந்த வருஷத்து எண்ணெய் எப்படிப்பட்ட எண்ணெயாக இருக்கும்!

“பன்னெண்டு” என்றாள்.

“பதினஞ்சு!”

“பதினாறு.”

அவர் ஏற்ற ஏற்ற அவளும் ஏறினாள். ஹில்டாவோ எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணாலேயே, ‘உங்களுக்குப் பைத்தியமா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பதில் அசரியாவின் குரல் கம்மியது. முப்பத்தொன்று என்றாள் டீச்சர். அவர் சட்டைப்பையில் முப்பதுக்கு மேல் இல்லை.

“ஏன் சார், எனக்கா கேக்கிறேன்?” என்றாள் அவள் கொஞ்சம் கோபமாகவே. “கிறிஸ்மஸுக்கு நம்ம பிள்ளைங்களுக்கு முறுக்கு சுடணும். நாப்பது பிள்ளைங்க. விட்டுக் கொடுங்களேன்!”

“ஒரு தரம்!” என்றார் சாலமோன். “ரெண்டு தரம்!”

நாற்பது பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு முறுக்கோடு அசரியாவின் கண்முன் வரிசையாக நின்றார்கள். அவர் எழுந்துவிட்டார்.

“நிறுத்துங்க சாலமோன். அது நல்லெண்ணெய் இல்ல. காருக்கு வாங்கின ஆயில்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “மூடி மாறிப்போச்சு. மாத்தினது நான்தான். தப்பு என்னோடது.”

சேவல் ஒன்றுதான் சத்தம் போட்டது. அப்புறம் ஹில்டா கேட்டாள், “அப்போ என் நல்லெண்ணெய்?”

அசரியா திரும்பி மரத்தடியில் நின்ற மோரிஸ் மைனரைப் பார்த்தார். அவரோடு சபையே திரும்பிப் பார்த்தது. “ஐயோ, தோசை!” என்றாள் ஹில்டா. அவ்வளவுதான். சிரிப்பு வெடித்தது பாருங்கள், போதகர் அங்கியால் வாயை மூடிக்கொண்டும் பயனில்லை. ஞானஜோதி டீச்சர் சிரித்துச் சிரித்து, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்ல வேளை சொன்னீங்கண்ணா” என்றாள். சார் போய் அண்ணன் ஆகியிருந்தது. அவமானத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

காணிக்கையைச் சும்மா திருப்பித் தர முடியாது என்று சாலமோன் கறாராக முப்பது ரூபாய்க்கே அதை அவர் தலையில் கட்டினார். காரை இனி ஸ்டார்ட் செய்யக் கூடாதல்லவா? ஆறு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வழியெல்லாம் கேலி பேசியபடி, கேம்ப் ரோடு வரைக்கும் தள்ளினார்கள். அசரியா மடியில் டப்பாவோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மைல் அவருக்கு ஒன்றரை யுகமாகப் போயிற்று.

ஜமாலுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமைதான், ஷெட் திறந்திருந்தது. தள்ளி வந்தவர்கள் கதையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அசரியா இறங்கினார்.

“தப்பு பண்ணிட்டேன் ஜமால். இன்ஜின்ல நல்லெண்ணெய் ஊத்திட்டேன்.” இரண்டாம் முறை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அவன் சிரிக்கப்போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஜமால் சிரிக்கவில்லை. “எத்தினி மைல் ஓட்டினீங்கோ?” என்று கேட்டான். ஒன்றரை என்றார். “அப்ப ஒண்ணும் ஆவல சார். எறக்கிட்டு, ஒருதபா கழுவி ஊத்திடலாம்” என்று காருக்கடியில் நுழைந்தான். தள்ளி வந்த ஆறு பேரும் டீக்கடைக்கு நகர்ந்தார்கள். அசரியா என்ன நினைத்தாரோ, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு அவரும் குனிந்து உள்ளே போய் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

நல்லெண்ணெய் சட்டியில் விழத் தொடங்கியது. ஜமால் மெதுவாக ஆரம்பித்தான்.

“பல்லாவரத்துல ஒரு ஷெட்டுல வேலை கத்துகினு இருந்தேன் சார். டாக்டரு ஒருத்தரோட வண்டி. கீழ நட்டு போடாமலே மேல ஆயில் ஊத்திட்டேன். அல்லாம் தரையில. மண்ணைப் போட்டு மூடிட்டு, பங்க்குல அளவு கொறைச்சி ஊத்திட்டான்னு வேலை கத்துக்குடுத்த உஸ்தாத்கிட்ட பொய் சொல்லிட்டேன். அவுரு போயி பங்க்காரனைப் புடிச்சி கன்னாபின்னான்னு திட்டிட்டாரு. அந்தாளு மூஞ்சி இன்னும் கண்ணுல நிக்குது. இத்த நான் யாராண்டயும் சொன்னதில்ல சார், என் வூட்டுல கூட.”

ஐம்பது வயசு வரைக்கும் ஒரு மனுஷர்கூட அசரியாவிடம் இப்படி ஒரு விஷயத்தைச் சொன்னதில்லை. மனைவியும் சொன்னதில்லை, தம்பியும் சொன்னதில்லை, அலுவலகத்தில் ஒருவரும் சொன்னதில்லை. சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. நெஞ்சு கனத்துப்போய், காருக்கடியில் இருட்டாக இருந்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டார்.

“அந்த பங்க்காரர் திருப்பி ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டார். ஜமால் சொல்லத் தொடங்கினான். நன்றாகக் கேட்பதற்காக அவர் இன்னும் கொஞ்சம் அவன் பக்கமாக நகர்ந்து படுத்துக்கொண்டார்.