மல்லாட்டைக் கொல்லைக்கு வைத்த விளக்கு

எங்கள் வீட்டில் இருந்த வெளிநாட்டுச் சாமான் ஒன்றே ஒன்றுதான். ஒரு மேசை விளக்கு. மேசை எங்களிடம் கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கல்வராயன் மலை அடிவாரத்தில் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கிருந்த வெள்ளைக்கார நர்சம்மா வீட்டில்தான் அம்மா பாத்திரம் தேய்த்தாள், வீடு பெருக்கினாள். நர்சம்மாவுக்கு டென்மார்க்கா, சுவீடனா என்று நான் கேட்டதுண்டு. "இன்னாமோ ஒரு குளிர் தேசம்" என்று அம்மா அதோடு முடித்துக்கொள்வாள். ஆனால் விளக்கைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறையச் சொல்வாள்.

"அவங்க ஊர்ல பனிக்காலத்துல மத்தியானமே இருட்டிப் பூடுமாம். அதனால ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு வெளக்கு வைப்பாங்களாம். வெளிய போனவங்களுக்கு வூடு தெரியணுமில்ல?"

நர்சம்மா ஊருக்கே திரும்பிப் போனபோது மற்ற சாமான்களை யார் யாரோ வாங்கிக்கொண்டார்கள். இதை மட்டும் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். பீங்கான், ஊறுகாய் ஜாடி போன்ற கனம். மேலே நீலம், கீழே இறங்க இறங்கப் பழுப்பு. வனைந்தவர் விரல் சுற்றிச் சுற்றி வந்த வரிகள் மழமழப்புக்கு அடியில் கைக்குத் தட்டுப்படும். மேலே இருந்த துணிக்கூட்டை எலி தின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வராத வருடங்களிலும் அம்மா அதை முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தாள். வீட்டில் வேறு எதையும் அவள் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை.

கரண்ட் வந்ததும் ஒயர்மேன் அதன் பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் பிளக்கை மாட்டிக்கொடுத்தார். பல்பு, கூடவே வந்த திருகு பல்புதான். அது எரிந்ததைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்பாவுக்கும் பெருமை தாங்கவில்லை. "வெளிநாட்டு பல்பு. இது பீஸ் போவவே போவாது" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் அதுதான் சட்டம்.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் கொல்லை. அதில் மல்லாட்டை போட்டிருந்தோம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காய் பிடித்துவிட்டால் மலையிலிருந்து பன்றி இறங்கிவிடும். ஒரு ராத்திரி இறங்கினால் போதும், வருடத்துப் பாடு மண்ணோடு போச்சு. சுற்றுவட்டாரத்தில் பலரும் செய்வதை அப்பாவும் செய்தார். முழங்கால் உயரத்துக்குக் கொல்லையைச் சுற்றிக் கம்பி கட்டி, வீட்டுக் கரண்டை அதில் விட்டார். குற்றம் என்று தெரியும். தெரிந்துதான் எல்லோரும் செய்தார்கள்.

கம்பியில் கரண்ட் இருப்பது பார்த்தால் தெரியாதே. அதற்குத்தான் அம்மாவின் விளக்கு. கொல்லையைப் பார்த்த ஜன்னலில் அதை வைத்து, விளக்குக்கும் கம்பிக்கும் சேர்த்து ஒரே பிளக்காக அப்பா முறுக்கிவிட்டார். பிளக்கைச் செருகினால் இரண்டிலும் கரண்ட், பிடுங்கினால் இரண்டிலும் இல்லை. காற்றடித்தாலும் விளக்கு அசையாது. கொல்லையின் எந்த மூலையில் நின்றாலும் தெரியும்.

"வெளக்கு எரிஞ்சிகினு இருந்தா கொல்லப் பக்கம் கால் வைக்காதீங்க. அணைஞ்சிருந்தா போங்க. அவ்ளோதான்" என்றார் அப்பா.

அவ்வளவுதான் இல்லை. வீட்டில் கக்கூஸ் கிடையாது. முன்னால் தார் ரோடு, இரண்டு பக்கமும் அடுத்தவர் நிலம். கொல்லையைத் தாண்டிய புதர்தான் பெண்களுக்கு, அதுவும் ஆம்பளைகள் எழுந்து நடமாடுவதற்கு முன்னால். ஆனால் அப்பா எழுந்தால்தான் விளக்கு அணையும். நாங்கள் பிடுங்கக் கூடாது. விடிகிற நேரத்தில்தான் பன்றி ஜாஸ்தி என்பார். நானும் அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எரியும் விளக்கைப் பார்த்தபடி சுவரோரம் குந்தியிருந்த விடியற்காலைகள் கொஞ்சமல்ல. மல்லாட்டையைக் காப்பாற்றத் தெரிந்த மனிதருக்கு இது மட்டும் உறைக்கவில்லை.

அறுவடைக்குச் சில நாள்தான் இருந்தது. அன்று நாங்கள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தபோது ஜன்னல் இருட்டாக இருந்தது.

"இன்னிக்கி நேரத்தோடவே அணைச்சிட்டுப் படுத்துகினாரு. நல்ல மனுசன்" என்றாள் அம்மா. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அவள் அவரை மெச்சி நான் கேட்டது குறைவு.

கம்பியைத் தாண்டக் காலைத் தூக்கினாள். விழுந்தாள். சத்தமே வரவில்லை. எனக்கு எப்படிப் புரிந்ததோ தெரியாது, அவளைத் தொடாமல் வீட்டுக்குள் ஓடிப் பிளக்கைப் பிடுங்கினேன். பிளக் செருகித்தான் இருந்தது. பல்பு கறுத்துப் போயிருந்தது. அப்பா போர்த்திப் படுத்திருந்தார்.

அவர் அழுவதற்கு முன்னால் கம்பியைச் சுருட்டினார். அதை நான் பார்த்தேன். விடிந்து வந்த பெரியவர்களிடம் "பாம்பு" என்றார். அவர்களும் "பாம்புதான்" என்றார்கள். அவர்கள் கொல்லையிலும் கம்பி இருந்தது. அம்மாவைக் குளிப்பாட்டிய பெண்கள் முழங்காலுக்குக் கீழே இருந்த கருகிய கோட்டைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் மஞ்சளைக் கெட்டியாகப் பூசினார்கள். எனக்கு அவர்கள் மேலும் கோபம் உண்டு.

மல்லாட்டை நன்றாகவே விளைந்திருந்தது. பிடுங்கினோம், அவித்தோம், தின்றோம். பசிக்கு அதெல்லாம் தெரியாது.

அடுத்த போகத்துக்கு அப்பா மறுபடியும் கம்பி கட்டினார். என்னால் நம்ப முடியவில்லை. "பன்னி உடுமா பாப்பா? இன்னா துன்றது?" என்றார். விளக்குக்குப் புது பல்பு, பக்கத்திலேயே இன்னொரு பல்பு. ஒன்று போனாலும் மற்றது காட்டிக்கொடுக்குமாம். நான் கொல்லைப் பக்கம் போக மாட்டேன் என்றேன். ரோட்டோரம் போனேன். லாரி வெளிச்சம் என் மேல் விழுந்து, உள்ளே இருந்தவர்கள் கூவிச் சிரித்துவிட்டுப் போன அன்று, வீட்டுக்கு வந்து அழுதேன்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் அப்பாவே என்னை எழுப்பினார். எனக்கு எதிரில் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு கொல்லைக்கு நடந்து, கம்பியருகே நின்று, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, வெறுங்கையால் அதைப் பிடித்தார்.

"போ பாப்பா" என்றார்.

எனக்குக் கல்யாணமாகிப் போகும்வரை தினமும் அதைச் செய்தார். பிடிப்பதற்கு முன்னால் சற்று நேரம் அப்படியே நிற்பார். கரண்ட் இருக்கக் கூடாது என்றுதான் நிற்கிறார் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். இருந்துவிட்டால் தேவலை என்று நிற்கிறார் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.