பொன்னாடை இல்லாத மாநாடு

நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களின் மாநாட்டை இந்த வருடம் நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் வேலையாக மேடையை எடுத்துவிட்டேன். சங்கத் தலைவர் அதிர்ந்துபோனார்.

"பொன்னாடை இல்லாம மாநாடுங்களா?"

"போன வருசம் போட்டது எங்கீங்க?"

"பீரோவுல இருக்குதுங்க."

"போன வருசம் கத்துக்கிட்டது?"



கோழிகளுக்கு நோய் வந்துவிடும் என்று பயந்து, இங்கே யாரும் அடுத்த பண்ணைக்காரரை உள்ளே விடமாட்டார்கள். அதனால் தங்கள் பண்ணையில் கெட்டுப்போன ஏதாவது ஒன்றைப் போட்டோ எடுத்துவரச் சொன்னேன். வெவ்வேறு ஊர்க்காரர்களாகப் பார்த்து மேசைக்கு ஆறு பேரை உட்காரவைத்தேன்.

பாவிகள், அத்தனை பேரும் பளபளக்கும் புது ஷெட்டையே காட்டினார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்மம்பட்டியிலிருந்து வந்த பெண் ஒருவர் மட்டும் தன் போனை மேசை நடுவில் வைத்தார். படத்தில் ஒரு தட்டு முழுக்க உடைந்த முட்டைகள்.

"வெயில் வந்தா ஓடு இப்படி மெலிசாயிடுதுங்க."

எதிரே இருந்த பள்ளிபாளையத்துக்காரர் குனிந்து பார்த்தார். "நமக்கும் இதேதானுங்க. சுண்ணாம்புக்கல்லைச் சாயங்காலத் தீவனத்துல கலந்தோம், உடையறது கொறஞ்சிருச்சு."

அவ்வளவுதான். மற்றவர்களும் போனைத் தடவி, காட்டாமல் வைத்திருந்த படங்களை எடுத்தார்கள். கூடம் சந்தையானது.

மேடை இருந்த வருடங்களில் பிரியாணி வாசம் வந்ததுமே நாற்காலிகள் காலியாகிவிடும். இந்த முறை சமையல்காரர் மூன்று தடவை வந்து கூப்பிட்டார்.

மூன்றாவது தடவை தலைவரே திரும்பி அதட்டினார்: "செத்த இருங்க, பேசிட்டிருக்கறோமில்ல!"