காற்று நின்றால் வாசலில் ஆள்

மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் குடியிருந்த நீரஜாவுக்குக் காசநோய்க்காகப் போட்ட ஊசிகள், உயிரைக் காப்பாற்றிவிட்டுக் காதை எடுத்துக்கொண்டன. அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளச் சீக்கிரம் பழகிவிட்டாள். வாசல் மணிதான் அவளைப் படுத்தியது. கணவர் ஸ்ரீரங்கன் ஆபீஸ் போனபிறகு யார் வந்து மணியடித்தாலும் தெரியாது. அதனால் பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைக் காவல் காத்தாள். அடுப்பில் குழம்பு தீய்ந்த நாட்கள் உண்டு.

ஸ்ரீரங்கனுக்கு மின்சார வேலையில் இறங்கினால் பசி தெரியாது. மணியோடு ஒரு பல்பை இணைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அல்லவா தெரியும்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அவருடைய நண்பர் ஜவஹர், சிகாகோவிலிருந்து திரும்பும்போது ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பெட்டிகூட இல்லை. ஒரு பச்சை அட்டை, கால்குலேட்டரில் இருப்பதுபோலப் பொத்தான்கள், சிவப்பாய் ஒளிரும் எண்கள், அவ்வளவுதான். பல ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியபின் அது வீட்டு விளக்குகளையும் ஃபேன்களையும் ஆட்டிவைக்கத் தொடங்கியது. யாராவது மணியை அழுத்தினால் எல்லா அறையிலும் விளக்கு சிமிட்டும், ஃபேன் ஓய்ந்துவிடும். நீரஜா வாசலுக்குப் போய் ஒரு ஸ்விட்சைத் தட்டும்வரை அது விடாது.

"காத்து நின்னா வாசல்ல ஆள்னு அர்த்தம்," என்றார் ஸ்ரீரங்கன், உதட்டை நிதானமாக அசைத்து.

கரண்ட் போனாலும் காற்று நிற்குமே! வாசலுக்கு ஓடிப்போய், வெறும் தெருவைப் பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வருவாள். அதைவிடப் பெரிய சங்கடம், கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர், தனக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் மறந்துவிடும். ஸ்ரீரங்கன் வந்து பொத்தான்களை அமுக்கி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றும்வரை, ஃபேன் அது பாட்டுக்கு ஓடும், மணி அடித்தால் கண்டுகொள்ளாது. அப்படி ஒரு நாள் அடையாறிலிருந்து பஸ் பிடித்து வந்த நீரஜாவின் அக்கா விசாலாக்ஷி வெயிலில் நின்று நின்று சலித்துப்போனாள். நல்ல வேளை, அடுத்த வீட்டு கைசர் ஜஹான் கொல்லைப்பக்கமாக வந்து அவள் தோளைத் தொட்டாள்.

அன்று சாயங்காலம் நீரஜா கணவரிடம், "ஏன்னா, அதுல நீங்க அமுக்கறதையெல்லாம் எனக்கும் சொல்லிக் குடுங்கோ," என்றாள்.

"ஒண்ணு தப்பினாலும் எல்லாம் போயிடும், நீரஜா."

"போனா மறுபடி முதல்லேர்ந்து போட்டுக்கறேன்."

முதல் தடவை ஒரு பொத்தானைத் தப்பாக அழுத்தியதில் கூடத்து விளக்கும் ஃபேனும் மாறி மாறிப் பேயாட்டம் ஆடின. ஸ்ரீரங்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் ஒரே வாரத்தில், எண்ணைப் பார்க்காமலே அவள் விரல்கள் ஓடின.

கை பழகியதும் அவளுக்கு ஆசை வளர்ந்தது. "யார் வந்தாலும் விளக்கு ஒரே மாதிரிதான் சிமிட்டறது. அவா எப்படி அமுக்கறாளோ, அப்படியே காட்டாதா?"

"எனக்கு ஏன் இது தோணலை?" என்று ஸ்ரீரங்கன் உடனே மேஜைமுன் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு வந்தவர் யார் என்பதை விளக்கே சொன்னது. தபால்காரர் ஒரு தட்டு. கைசர் ஜஹான் குட்டியாய் இரண்டு, நீளமாய் ஒன்று. விசாலாக்ஷி வைத்த கையை எடுக்கவே மாட்டாள். அறை முழுக்க வெளிச்சம் அப்படியே நிற்கும். "ஏன்னா, அக்காவோட குரலே கேட்ட மாதிரி இருக்கு," என்று ஒரு நாள் சொன்னபோது நீரஜாவின் கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது.

அந்த வருஷம் பின்னறையில் தையல் மிஷினைப் போட்டாள். கைசர் ஜஹான் வீட்டுக் கல்யாணத்துக்கு ரவிக்கைகள் தைத்ததில் பெயர் பரவி, மாம்பலத்திலிருந்துகூடப் பெண்கள் துணியோடு வந்தார்கள். அந்தி சாய்ந்தால் விளக்கு தானே எரியவும் ஏற்பாடு செய்யட்டுமா என்று ஸ்ரீரங்கன் கேட்டார்.

"அதெல்லாம் வேண்டாம். தானா எரிஞ்சா அக்கா வந்துட்டாள்னு வாசலுக்கு ஓடுவேன். விளக்கை நானே ஏத்திக்கறேன்," என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தாள் நீரஜா.