ஷட்டர் இறக்கப் போன துரைராஜ் அண்ணாச்சி

பெரிய பேரனை ஹார்பர்ல கிரேன் ஓட்ட வேலைக்கு எடுத்தப்போ போஸ்ட் போட்டேன். சின்னவன் புதுக்கோட்டையில மெடிக்கல் ஷாப் திறந்ததுக்கும் போட்டேன். பேத்தி ஷைனி, வெள்ளம் புயல் வந்தா சின்னப் பிள்ளைங்க எப்படித் தப்பிக்கணும்னு சொல்லிக்கொடுக்க போன்ல கேம் ஆப் செஞ்சு ப்ரைஸ் வாங்கினதுக்கு ஒரு வாரமா அதையே போட்டேன்.

இன்னைக்கு இதைப் போட வேண்டியதாயிட்டு... எங்க தெரு மளிகைக்கடை துரைராஜ் அண்ணாச்சி நேத்து சாயந்திரம் இறந்துட்டாரு.

வயசுல எனக்கு இளையவருதான். கடைக்காரர்னா அண்ணாச்சி. அவரு என்னை "யக்கா"ம்பாரு.

அழுகையை விட எரிச்சல்தான் வருது. கேட்டா நீங்களும் திட்டுவீங்க.

ஷைனியோட கேம்ல தெருவுல தண்ணி ஏறும். எதையும் எடுக்காம, நேரா மாடிக்கு ஏறணும். அவ்வளவுதான் விளையாட்டு.

மிட்டாய் வாங்க வார பிள்ளைங்க எல்லாம் ஜெயிச்சிரும். அண்ணாச்சி விளையாடினா மட்டும் ஒவ்வொரு தடவையும் கதவைப் பூட்டத் திரும்பிப் போவாரு. "தாத்தா அவுட்டு!"னு கடை முன்னாடி ஒரே கூச்சல்.

"ஏளா ஷைனி, வீட்டைக்கூட விட்டுட்டு ஓடலாம். கடையைத் திறந்து போட்டுட்டு எவன் ஓடுவான்? ஷட்டர் இறக்க ஒரு பட்டன் வை."

"உயிர் இருந்தா நாளைக்கு இறக்கலாம் அண்ணாச்சி. பட்டன் எல்லாம் கிடையாது."

"ஒனக்குக் கடை இல்ல. அதான் வாய் பேசுத."

நானும் சொல்லிப் பார்த்தேன், வயசான மனுசன் கேக்காரு, ஒரு பட்டன் வச்சாத்தான் என்னன்னு. மாட்டேன்னுட்டா.

அவரு சொல்லுததுலயும் நியாயம் இருந்துச்சு. முன்ன வந்த பெரிய வெள்ளத்துல கடையை அப்படியே போட்டுட்டு ஓடிவந்தவருதான். அரிசி மூடை, சோப்பு டப்பா, ஊறுகாய் பாட்டில்... எல்லாம் தெருவுல மிதந்து போச்சு. மாடியில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு.

நேத்து மதியத்துக்கு மேல மழை வெளுத்து வாங்கிச்சு. வருசா வருசம் இதே கூத்துதான்... தண்ணி போக வழி இல்ல, கேட்கவும் ஆள் இல்ல.

அண்ணாச்சியும் அவரு வீட்டம்மாவும் எங்க மாடிக்கு வந்துட்டாங்க. காப்பி போட்டுக் கொடுத்தேன். பாதி குடிச்சிருப்பாரு, டம்ளரை வச்சுட்டு எழும்பிட்டாரு. ஷட்டர் பாதிதான் இறங்கியிருக்காம்.

அவரு வீட்டம்மா கையைப் பிடிச்சு இழுக்கா. நான் கத்துதேன். ஷைனி படியை மறிச்சு நிக்கா. அவளை ஒதுக்கிட்டு இறங்கிட்டாரு.

எதிர் மாடியில நின்ன பிள்ளைங்க பார்த்துட்டு ஒரே குரலா, "தாத்தா போகாதீங்க! தண்ணியில கரண்ட் இருக்கும்! மேல வாங்க!" கேம்ல வார அதே வார்த்தை.

இடுப்பளவு தண்ணியில நின்னு திரும்பிப் பார்த்துச் சிரிச்சாரு. "ஏலே, இது கேம் இல்லலே. கடை!"

ஷட்டர்ல கை வச்சாரு, கரண்ட் அடிச்சுட்டு... அவ்வளவுதான்.

யாரைத் திட்ட? அவரைத் திட்டினா அவரு இல்ல. ஷைனி நேத்துலேருந்து சாப்பிடல. "பாட்டி, நான் பட்டன் வச்சிருக்கணுமோ, வைக்காததுதான் சரியோ"ன்னு திருப்பித் திருப்பிக் கேக்கா.

காலையில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டா. கேம்ல புதுசா ஒரு மளிகைக்கடை போடுதாளாம். உள்ள அண்ணாச்சி நிப்பாராம். பிள்ளைங்க கூப்பிட்டு அவரை மாடிக்கு ஏத்தினாத்தான் அடுத்த லெவல் திறக்குமாம்.

போய் வாங்க அண்ணாச்சி. கோவம் மட்டும் போகல.

கேம்ல அவரு முகம் வரைய ஷைனிக்கு போட்டோ வேணும். அவங்க வீட்டுல இருக்கது ஆதார் கார்டு போட்டோதான், யாரோ மாதிரி முறைச்சுக்கிட்டு நிக்காரு. நம்ம தெருக்காரங்க யாரு போன்லயாவது அவரு சிரிச்ச முகமா, புதுசா எடுத்தது ஒண்ணு இருந்தா... கீழ கமெண்ட்ல போடுங்க.